சாக்கெழுத்துப் பெத்தன்

புதுவயலில் அந்தக் காலத்தில் ஓடிய அரிசி மில்களில் ஒன்று கானாடுகாத்தான் உடையப்பச் செட்டியாருடையது. அங்கே சாக்குக்கு மார்க்கா போட்டவன் பெத்தன். தைத்து முடித்த மூட்டைகள் களத்து ஓரத்தில் சாய்ந்து கிடக்கும். தகரத் தகட்டை மூட்டையின் வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, விளக்குக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மையைத் துணிப்பந்தில் தொட்டு நாலு ஒத்து ஒத்துவான். தகட்டை எடுத்தால் மூன்று எழுத்து நிற்கும். அ. வ. உ. அருணாசலம் பேரன், வள்ளியப்பன் மகன், உடையப்பன். அது செட்டியார் வீட்டு விலாசம். கதவிலும் பெட்டியிலும் குத்துவிளக்கின் அடியிலும் ரங்கூனுக்குக் கப்பல் ஏறுகிற சாமானிலும் அதுதான் இருக்கும். எதில் அந்த மூன்று எழுத்து விழுந்ததோ அது அவர்கள் வீட்டுடையது. வேறு சாட்சி வேண்டியதில்லை.

பெத்தன் சாக்கோட்டைக்குத் தெற்கே ஒரு பொட்டல்காட்டில் பிறந்தவன். தகரக்கடையில் சீமெண்ணெய் விளக்குக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தவனை, எழுத்துத் தகடு வெட்டத் தெரியுமா என்று கேட்டு மில்லுக்குக் கூட்டிவந்தார்கள். தெரியும் என்றான். தெரியாது.

முதல் தகடு கேவலமாகப் போயிற்று. எழுத்தை வரைந்து உளியால் சுற்றி வெட்டியதும், வ-வின் சுழிக்குள் இருந்த தகரம் ‘டங்’கென்று கழன்று விழுந்தது. அ-வின் சுழியிலும் உ-வின் தலையிலும் அப்படியே. அந்தத் தகட்டை வைத்து மை ஒத்தினால் சுழி இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக ஒரு பணியாரம் விழுந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். பெத்தன் நாலு நாள் அந்தத் தகட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள் சுழியை முழுக்கச் சுற்றாமல், இரண்டு இடத்தில் அரை விரற்கடை தகரத்தை வெட்டாமல் விட்டான். உள்ளே இருந்த துண்டு விழாமல் நின்றது. அந்த விட்ட இடத்துக்குப் ‘பிடி’ என்று அவனே பேர் வைத்துக்கொண்டான்.

அத்தோடு விட்டிருந்தால் அவனும் நாலு பேரைப்போல மார்க்கா போட்டுச் செத்திருப்பான். பிடி வைத்த எழுத்து மெலிசாக இருந்தால் எலும்பு முறிந்ததுபோலத் தெரிகிறது என்பது அவன் கண்ணை உறுத்தியது. எழுத்தைத் தடியாக்கிப் பார்த்தான். இன்னும் தடியாக்கினான். ஒரு கட்டத்தில் பிடி விட்ட இடங்களே எழுத்துக்கு நடை கொடுத்தன. வரிசையாக மாடு நடந்து போகும்போது காலுக்கும் காலுக்கும் நடுவே வெளிச்சம் தெரியுமே, அப்படி. இருபது அடி தள்ளி நின்று பார்த்தால் அந்த இடைவெளியைக் கண்ணே நிரப்பிக்கொண்டது. எழுத்து முழுசாகத் தெரிந்தது.

அதன்பிறகு அந்தத் தடி எழுத்து ஊரெல்லாம் பரவியது. பார வண்டிகளின் பின்பலகையில் போட்டுக்கொண்டார்கள். காரைக்குடிக்கு வந்த நாடகக் கம்பெனிக்காரன் திரைப் பெட்டிகளில் பேர் போட அவனைத் தேடி வந்தான். வாங்கிப்போனவர்கள் எல்லாரும் தங்கள் பேரைப் பார்த்துக்கொண்டார்கள். எழுத்தைப் பார்த்து, இதை வெட்டியது யார் என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை. பெத்தன் அதை வெளியே சொல்லிக்கொள்ளமாட்டான். ஆனால் சந்தையில் ஒரு வண்டிப் பலகையைக் கண்டால் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பான். வண்டிக்காரன் என்னவென்று கேட்டால், ஒன்றுமில்லை என்பான்.

இருபத்தாறாம் வருசம் மில்லுக்குப் புதிய புகைக்கூண்டு எழும்பியது. செங்கல் செங்கலாக அது உயர்வதைப் பார்த்த நாளிலிருந்து பெத்தனுக்கு ஒரே நினைப்புத்தான். அதில் மேலிருந்து கீழாக மூன்று எழுத்து வரும். அது தன் எழுத்தாக இருக்க வேண்டும். நெல் காயாத ஒரு மத்தியானம் களத்துத் தரையில் ஆள் நீளத்துக்குச் சுண்ணாம்பால் மூன்றையும் வரைந்துவிட்டு, மில் கூரைமேல் ஏறி நின்று பார்த்தான்.

மில் மேஸ்திரி கோட்டைச்சாமி கீழேயிருந்து கூப்பிட்டார். செட்டியார் இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் மேஸ்திரி வைத்ததுதான் சட்டம்.

“என்னடா பெத்தா, களத்துல கோலம் போட்டிருக்க. வீட்டுல பொம்பள இல்லையா?”

பெத்தன் இறங்கி வந்தான். “கூண்டுல விலாசம் போடணும்ல மேஸ்திரி. தகடு நான் வெட்டுறேன். கதவளவு தகடு. சாக்கோட்டை ரோட்டுல நின்னு படிக்கலாம்.”

“படிச்சு?”

“படிக்கலாம்ல மேஸ்திரி.”

“செட்டியாருக்குத் தை பொறந்தா பிள்ள கூட்டு வச்சிருக்காக. அவுக அந்த ஓட்டத்துல இருக்காக. உன் எழுத்துக்கு யாரு இப்ப அழுதா?” பொடியை உறிஞ்சிவிட்டுக் கூண்டை அண்ணாந்து பார்த்தார். “பாப்பம். நான் சொன்னா நடக்கும்.”

பிள்ளை கூட்டுவது என்றால் சுவீகாரம் எடுப்பது. உடையப்பச் செட்டியாருக்குப் பிள்ளையில்லை. பங்காளி வீட்டுப் பையனைக் கேட்டுவைத்திருந்தார். கூட்டிய அன்றே பையனுக்குப் பிறந்த வீட்டு விலாசம் போய்விடும். அ. வ. உ. என்ற மூன்றெழுத்துக்குப் பின்னால்தான் அவன் பேர் வரும். சொத்து பத்து எல்லாம் அந்த எழுத்தின் வழியாகத்தான் அவனுக்குப் போகும்.

கார்த்திகையில் சோணைமுத்து பிடிபட்டான். பெத்தனின் மனைவி நாகவல்லிக்குக் கூடப் பிறந்த தம்பி. மில்லில் மூட்டை தூக்குகிறவன், வாயாடி. வாசலில் கோட்டைச்சாமி அவன் வேட்டி புடைத்திருப்பதைப் பார்த்து, “மடியில என்னடா?” என்றார்.

“மாசமா இருக்கேன் மேஸ்திரி.”

மடியை உதறினார்கள். இரண்டு படி அரிசி கொட்டியது. சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது.

மில்லில் திருடினவனுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதையில் ஏற்றுவது வழக்கம். கழுதை பிடிக்க ஓர் ஆள் கிளம்பினான். கோட்டைச்சாமி அவனை நிறுத்தினார். “எதுக்குடா புள்ளி? அது குளிச்சாப் போயிரும். நம்மகிட்டத்தான் தகடு இருக்கே. எந்த மில்லு அரிசியத் திருடுனான்னு ஊருக்குத் தெரியட்டும். பெத்தனைக் கூப்புடு.”

பெத்தன் தகட்டோடு வந்தான். விசயம் தெரிந்ததும் அங்கேயே நின்றுவிட்டான்.

“மேஸ்திரி, அவன் என் மச்சினன்.”

“தெரியும். அதனாலதான் உன்னச் சொல்றேன். வேத்தாளு போட்டா கோணலாப் போயிரும்.” குரலைத் தாழ்த்தி, அன்பாகச் சொன்னார். “அடுத்த வாரம் கூண்டுக்குச் சாரம் கட்டுறோம். எழுத்துக்கு ஆளு யாருன்னு செட்டியார்ட்ட நான் சொல்லணும். உன் பேரச் சொல்லவா, வேற ஆளு பாக்கவா?”

பெத்தன் கூண்டைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். “சட்டையக் கழட்டு மாப்புள” என்றான். சோணைமுத்துவுக்குச் சட்டை ஏது. துண்டை எடுத்தான்.

“நெசமாவா மச்சான்?”

“குனிஞ்சுக்க.”

அகலமான முதுகு அது. மூட்டை தூக்கித் தூக்கி மேல்பக்கம் பலகையாகியிருந்தது. தகட்டை வைத்து மையை ஒத்தினான். வேர்வையில் மை வழிந்தது. அ இருந்த இடத்தில் ஒரு கரிய கோடு இடுப்புவரை இறங்கியது.

கோட்டைச்சாமி இதோடு போதும் என்றுதான் இருந்தார். கையைத் தட்டிக்கொண்டு எழுந்துகூட விட்டார். அப்புறம் நடந்ததை யாரும் பெத்தனிடம் கேட்கவில்லை, சொல்லவுமில்லை. அவனாகத்தான் ஒரு கை தவிட்டை அள்ளிவந்து முதுகைத் துடைத்தான். அவனாகத்தான் கூரை ஓட்டைக்குப் பூசக் காய்ச்சி வைத்திருந்த தார்ச் சட்டியை இழுத்துவந்தான். வழிந்த எழுத்தை அவனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“சுடுது மச்சான்.”

“மூச்ச இழுக்காத. வ கலங்கிரும்.”

சோணைமுத்து மூச்சை அடக்கிக்கொண்டான். தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தை இறக்கினார்கள். பெத்தன் கடைசி ஒத்து ஒத்தித் தகட்டை நேராகத் தூக்கி எடுத்தான். சாக்கில் போடும்போது நூலோடு நூலாக எழுத்தின் ஓரம் எப்போதும் சற்றுப் பிசிறும். தோலில் பிசிறவில்லை. ஒவ்வொரு பிடியும் கத்தியால் கீறியதுபோல நின்றது. அவன் போட்ட ஆயிரமாயிரம் எழுத்தில் அதுபோல ஒன்று விழுந்ததில்லை. இரண்டடி பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு தகட்டைத் துடைத்தான்.

“கை சுத்தம்டா பெத்தா ஒனக்கு” என்றாள் கருப்பி என்ற வயதான தூற்றுகாரி. அவள் குரலில் இருந்தது அவனுக்குக் கேட்கவில்லை. தலையாட்டினான்.

சோணைமுத்துவைத் தப்படித்துக் கடைத்தெருவில் மூன்று சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டார்கள்.

பொழுது சாயப் பெத்தன் வீட்டுக்குப் போனான். நாகவல்லி தம்பியைக் குப்புறப் படுக்கவைத்து வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தார் அசையவில்லை. ஓரமெல்லாம் கொப்புளம்.

“மேஸ்திரி சொல்லிட்டாரு. நான் என்ன செய்யட்டும்?” என்றான்.

“கைய நடுங்கவிட்டிருக்கலாம்ல.” அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். “தகடு ஒரு இழுப்பு இழுத்திருந்தா வெறுங் கருப்பாப் போயிருக்கும். என்னமோ தாரு கொட்டிருச்சுன்னு நெனச்சுக்கிருவாக. ஒனக்கு அதுகூடத் தோணலையா?”

தோன்றவில்லை. வெளியே வந்து உட்கார்ந்தான்.

மேஸ்திரி நினைத்தது வேறு மாதிரிப் போயிற்று. இரண்டாம் நாள் காப்பிக்கடையில் எவனோ ஒருத்தன் ஆரம்பித்தான். “செட்டியாரு தையில பிள்ள கூட்டப்போறார்னாக. கார்த்திகையிலயே கூட்டிப்புட்டாக போல. விலாசம் போட்டாச்சுல்ல.” கடையே குலுங்கியது. அன்று சாயந்தரமே சோணைமுத்துவுக்குச் சின்னச் செட்டியார் என்று பேர் விழுந்தது. வெட்கத்தில் ஒடுங்கிக் கிடந்தவன் முதலில் முறைத்தான். பிறகு, எப்படியும் முதுகை மறைக்க முடியாது, இதையாவது பிடித்துக்கொள்வோம் என்று நினைத்தானோ என்னவோ, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்கத் தொடங்கினான்.

“வாங்க சின்ன மொதலாளி. எங்குட்டுப் போறீக?”

“நம்ம மில்லு வரைக்கும். அரிசி சரியா அரைக்கிறாங்களான்னு பாக்கணும்ல. எங்க அப்பச்சிக்குக் கண்ணு மங்கிருச்சு.” செட்டியார் வீட்டுப் பிள்ளைகள் அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரியே அப்பச்சி என்றான்.

சந்தையில் வெற்றிலைக்காரி அவனுக்கு இரண்டு வெற்றிலை சும்மா கொடுத்தாள். மேஸ்திரி எதிரே வந்தபோது, “கோட்டைச்சாமி, சாரம் பலமாக் கட்டியிருக்கியா?” என்று கேட்டுவிட்டு ஓடினான். அந்த வாரம் புதுவயல் சிரித்த சிரிப்பு கானாடுகாத்தானுக்குக் கேட்டுவிட்டது.

செட்டியாரின் மோட்டார் மில்லுக்குள் வந்து நின்றது. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. கோட்டைச்சாமியையும் பெத்தனையும் எதிரே நிறுத்திவைத்து, காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“எங்க ஐயா பேரு, எங்க அப்பச்சி பேரு. அதைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் நாங்க பெட்டி தெறக்கிறது. அதைக் கொண்டுபோய் ஒரு திருடன் முதுகுல போட்டிருக்கீக. பிள்ள குடுக்குற வீட்டுல கேட்டு விடுறாக, உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஒருத்தன் இருக்கானாமே, எங்க பிள்ள எதுக்குன்னு.”

“போட்டது இவன்தான் மொதலாளி” என்றார் கோட்டைச்சாமி. “நான் மையிலதான் போடச் சொன்னேன். தாரு இவனா எடுத்தது.”

அது உண்மை.

“அப்ப இவனே எடுக்கட்டும். நாளைக்குப் பொழுது இறங்குறதுக்குள்ள அந்த முதுகுல ஒரு எழுத்து இருக்கக் கூடாது. எடுத்த பெறகு அந்தப் பயல் இந்தப் பக்கமே இருக்கக் கூடாது.”

செட்டியார் எழுந்தார். மோட்டாரில் ஏறப் போகிறவரிடம் பெத்தன் போய் நின்றான். இந்த நேரத்தில் இதைக் கேட்கலாமா என்று வேறு எவனுக்கும் தெரிந்திருக்கும்.

“மொதலாளி, கூண்டு எழுத்து…”

“என்ன எழுத்து?”

“புகைக்கூண்டுல விலாசம். மேஸ்திரி நான் போடலாம்னு…”

செட்டியார் கோட்டைச்சாமியைப் பார்த்தார். கோட்டைச்சாமி களத்தைப் பார்த்தார். “அதுக்குப் போன மாசமே மதுரையில ஆளு சொல்லியாச்சே. இவரு உன்கிட்டச் சொல்லலையா?” என்று செட்டியார் கேட்டார். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை, சீமெண்ணெய், செங்கல் தூள், தேங்காய் நார் மூன்றையும் எடுத்துக்கொண்டு பெத்தன் உட்கார்ந்தான். கோட்டைச்சாமி அனுப்பிய இரண்டு பேர் சோணைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று சோணைமுத்துவிடம் வேடிக்கைப் பேச்சு இல்லை. முதலில் பல்லைக் கடித்தான். பிறகு அம்மா அம்மா என்றான். பிறகு அதுவும் இல்லை. தார் தோலோடு வந்தது.

இங்கேதான் பெத்தன் ஒரு காரியம் செய்தான். இரக்கத்தால் செய்ததாக அவன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். தாரில்லாத நல்ல தோலில் நார் படக் கூடாது என்று, எழுத்தின் ஓரத்தைத் தாண்டாமல் தேய்த்தான். பிடி விட்ட இடங்களையெல்லாம் விரலால் மறைத்துக்கொண்டு, சந்து சந்தாக, கோடு பிசகாமல் தேய்த்தான். பழகின கை. பொழுது இறங்கும்போது தார் துளி இல்லை. புண் மட்டும் இருந்தது, அ. வ. உ. என்று.

மார்கழி முழுக்க நாகவல்லி அந்தப் புண்ணைப் பார்த்தாள். பெத்தனுக்கு முகம் பார்க்காமல் சோறு வைத்தாள். பொருக்கு உதிர்ந்தபோது கரிய முதுகில் மூன்று எழுத்தும் வெளுப்பாக, கொஞ்சம் மேடாக, தடித்தடியாக எழுந்து நின்றன. இனி அவற்றை எடுக்க முடியாது. மேஸ்திரி ஆள் விட்டு மிரட்டிக்கொண்டே இருந்தார். காரைக்குடியில் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கிற கங்காணி வந்திருப்பதாகத் தெரிந்ததும் சோணைமுத்து கிளம்பினான். நாகவல்லியும் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு கூடவே நடந்தாள்.

பெத்தன் பின்னாலேயே போனான். காரைக்குடிவரை பத்தடி தள்ளியே நடந்தான். வழியில் இரண்டு தடவை, “வள்ளி, அவன வழியனுப்பிட்டுத் திரும்பிரு” என்றான். அவள் நிற்கவில்லை. ஆனால் வேகமாகவும் நடக்கவில்லை. கங்காணியின் கொட்டகைக்கு வெளியே நின்று, “நீ என்ன சொன்னாலும் கேக்குறேன். அந்த மில்லுக்குப் போகல. தகடு தொடல. வா, போவம்” என்றான். அவள் மூட்டையைத் தரையில் வைத்தாள். அவன் முகத்தை, ரொம்ப நாளைக்குப் பிறகு, நிமிர்ந்து பார்த்தாள். தம்பியை அனுப்பிவிட்டுப் பேசலாம் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

உள்ளே எழுத்தர் சத்தியமூர்த்தி பேர் பதிந்துகொண்டிருந்தான். கண்ணாடி போட்ட இளவட்டம். சோணைமுத்துவின் முறை வந்தது. பேர், ஊர், வயது.

“அங்க அடையாளம் ஏதாவது உண்டா? மச்சம், தழும்பு?”

சோணைமுத்து திரும்பி நின்று துண்டை எடுத்தான்.

சத்தியமூர்த்தி பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தான். சுற்றி வந்து பார்த்தான். வெளிச்சம் படும்படி தோளைப் பிடித்துத் திருப்பினான். “அடேயப்பா, அச்சாபீஸ்லகூட இப்படி எழுத்து நான் பாத்ததில்லையே. என்ன தடிமன், என்ன கணக்கு. இத யாரு வெட்டுனது?”

“நான்தான்” என்றான் பெத்தன்.

கொட்டகை வாசலில் நின்றவன் எப்போது உள்ளே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. எழுத்தர் அவனை ஏற இறங்கப் பார்த்தான். “நீயா? நடுவுல நடுவுல இப்படி விட்டிருக்கியே, அது ஏன்?”

“அதுக்குப் பிடின்னு பேருங்கய்யா. சுழிய முழுசா வெட்டுனா நடுத் தகரம் விழுந்துரும். எல்லாரும் அத ஒளிச்சு வைக்கப் பாப்பாக. நான் எழுத்தத் தடியாக்கி, பிடியையே எழுத்தோட சேத்துட்டேன். இந்தா, இந்த வ-வப் பாருங்க.” தோலைத் தொடாமல் ஒரு நூல் தள்ளி விரலால் அந்தச் சுழியைச் சுற்றிக் காட்டினான். “கிட்டப் பாத்தா வெட்டித் தெரியும். நீங்க அங்குட்டுத் தள்ளி நின்னு பாருங்க, முழுசா இருக்கும்.”

சத்தியமூர்த்தி தள்ளி நின்று பார்த்தான். ஆமாம் என்றான். உ-வைப் பற்றியும் கேட்டான். பெத்தன் உ-வைப் பற்றியும் சொன்னான். குனிந்து நின்ற சோணைமுத்துவின் முதுகு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பெத்தன் சொல்லி முடித்துத் திரும்பியபோது நாகவல்லி மேசைக்கு அந்தப் பக்கம், கங்காணியின் இன்னொரு ஆளிடம் நின்றுகொண்டிருந்தாள். பேர் சொல்லியாகிவிட்டது. ஊர் சொல்லிக்கொண்டிருந்தாள்.